வாரப் பட்டியல் கற்பிக்கும் பாடம்

பாட்டுக்கு மதிப்பெண் போட இயலுமா என்று கேட்டால், இசையறிந்தோர் இயலாது என்றே விடை கூறுவர். ஆனால், ஒரு பாட்டின் இசைத்தட்டை எத்தனை பேர் விலை கொடுத்து வாங்கினர் என்று எண்ண இயலும். எண்ணியவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தவும் இயலும். இவ்விரண்டையும் செய்து, வாரந்தோறும் ஒரு பட்டியல் வெளியிட்டு, ஒரு நாட்டு இளைஞர் கூட்டத்தையே வானொலிப் பெட்டியின் முன் அமரச் செய்த வழக்கம் ஒன்று பிரிட்டனில் தோன்றி வளர்ந்தது. அவ்வழக்கம் பெருஞ்செல்வாக்கோடு விளங்கிய 1980 முதல் 1984 வரையிலான ஐந்தாண்டுக் காலத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இது பாட்டைப் பற்றிய பேச்சுத்தான். ஆயினும், வாழ்நாளின் பெரும்பகுதியை மாணவர்களின் மதிப்பெண் பட்டியல்களோடு கழித்த ஆசிரியன் என்ற முறையில், அந்தப் பாட்டுப் பட்டியல்களில் நாம் கற்றுக்கொள்ளத் தக்க பாடம் உண்டென்று கருதுகிறேன்.

முதலில் அதன் பிறப்பைக் காண்போம். 1952ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்னும் இலண்டன் இசை வார இதழ், மிகுதியாக விற்ற பாட்டுகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. அவ்விதழின் விளம்பரப் பொறுப்பாளர் பெர்சி டிக்கின்ஸ் ஏறத்தாழ 20 கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, "இந்த வாரம் எது மிகுதியாக விற்றது?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த விடைகளைத் தொகுத்தபோது பட்டியல் ஆயிற்று. அதில் 12 இடங்கள் இருந்தன. முதலிடம் பெற்றவர் அல் மார்ட்டினோ என்ற அமெரிக்கப் பாடகர். இவ்வளவு எளிய தொடக்கத்திலிருந்துதான் பின்னாளைய பெரிய அமைப்பு வளர்ந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பட்டியல் 75 இடங்கள் கொண்டதாக விரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை நண்பகலில் பி.பி.சி.யின் முதலாம் வானொலி அலைவரிசை புதிய வரிசையை அறிவிக்கும். வியாழக்கிழமை மாலை, 1964ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவ்வாரத்துப் பாடகர்கள் தோன்றுவர். ஞாயிற்றுக்கிழமை மாலை, நாற்பதாம் இடத்தில் தொடங்கி முதலிடம் வரை பாட்டுகள் ஒலிபரப்பாகும். பிள்ளைகள் கேசட் பெட்டியின் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்து, அறிவிப்பாளரின் குரல் ஓய்ந்து பாட்டு எழும் கணத்தில் பதிவு செய்வார்கள். மறுநாட்காலை பள்ளிக்கூடத்து வாயிலில் அதுவே பேச்சு. எந்தப் பாட்டு ஏறியது, எது இறங்கியது என்பது, கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கைப் போல அவர்கள் நாவில் நின்றது.

இந்த வரிசையை யார் செய்தார்கள்? 1969ஆம் ஆண்டு முதல் 'பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பீரோ' என்னும் ஆய்வு நிறுவனம் அப்பணியை ஏற்றிருந்தது. நாட்டில் இருந்த ஆயிரக்கணக்கான இசைத்தட்டுக் கடைகளுள் சில நூறு கடைகளை அது தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு குறிப்பேடு தரப்பட்டது. தட்டு ஒன்று விற்குந்தோறும் கடை ஊழியர் அதன் எண்ணை அக்குறிப்பேட்டில் எழுத வேண்டும். வார முடிவில் ஏடுகள் நிறுவனத்துக்குச் செல்லும். அங்கே கணக்கிட்டு வரிசை அமைப்பர். சில நூறு கடைகளின் விற்பனையைக் கொண்டு நாடு முழுவதன் விற்பனையை மதிப்பிடும் முறை இது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொல்வதுதான் இங்கும் நடந்தது.

இனி, இந்தப் பட்டியல்கள் காட்டும் முதற் செய்திக்கு வருவோம். வரிசை என்பது முன்பின்னைக் காட்டுமேயன்றி இடைவெளியைக் காட்டாது. 1981ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் 'அல்ட்ராவாக்ஸ்' என்ற குழுவினரின் 'வியன்னா' என்னும் பாட்டு நான்கு வாரம் இரண்டாமிடத்தில் நின்றது. முதல் வாரம் அதற்கு மேலே இருந்தது ஜான் லெனனின் பாட்டு. அடுத்த மூன்று வாரமும் மேலே இருந்தது, ஜோ டோல்சி என்பவர் இத்தாலியர் ஆங்கிலம் பேசுவதுபோல் கொச்சையாகப் பாடிய ஒரு வேடிக்கைப் பாட்டு. வேடிக்கைப் பாட்டு முதலிடம் பெற்றதில் தவறொன்றும் இல்லை. அந்த வாரங்களில் அதை வாங்கியோர் மிகுதி, அவ்வளவே. ஆனால், 2012ஆம் ஆண்டில் பி.பி.சி.யின் இரண்டாம் வானொலி அலைவரிசை, இரண்டாமிடத்தோடு நின்றுவிட்ட பாட்டுகளுள் மக்கள் உள்ளத்துக்கு மிகவும் உகந்தது எது என்று வாக்கெடுத்தபோது, 'வியன்னா'வே வென்றது. முப்பது ஆண்டுக் காலம் கழிந்தும் மக்கள் அதனை மறந்திலர்.

இதனினும் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1984ஆம் ஆண்டு எத்தியோப்பியாவில் கொடும் பஞ்சம் நிலவியது. அம்மக்களுக்கு உதவ, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் புகழ்பெற்ற பாடகர் பலர் 'பேண்ட் எய்ட்' என்ற பெயரில் ஒன்றுகூடிப் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு, வெளிவந்தவுடனே முதலிடம் பெற்றது. 30 இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகள் அந்நாட்டில் விற்றன. அதே நேரத்தில் 'வாம்' என்ற இருவர் குழு 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' என்னும் பாட்டை வெளியிட்டது. அதுவும் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. வேறோர் ஆண்டாயின் ஐயமின்றி முதலிடம் பெற்றிருக்கும். ஆயினும் அவ்வாண்டு அதற்குக் கிடைத்தது இரண்டாமிடமே. அக்குழுவினர் மனம் கோணாமல், தம் பாட்டின் வருவாயையும் பஞ்ச நிவாரணத்துக்கே அளித்தனர் என்பது எண்ணி மகிழத் தக்கது. பின்னர், ஆண்டுதோறும் டிசம்பரில் அப்பாட்டு மீண்டும் மீண்டும் ஒலித்து, 2021ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் வெளிவந்த பட்டியலில் முதலிடத்தை அடைந்தது. இடையே கழிந்தவை 36 ஆண்டுகள். அதை எழுதிப் பாடிய ஜார்ஜ் மைக்கேல் அதைக் காண உயிரோடு இல்லை. அவர் 2016ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்றே மறைந்துவிட்டார்.

இரண்டாவது செய்தி: எண்ணும் முறை மாறினால் வரிசையும் மாறும். குறிப்பேட்டு முறையில் ஒரு குறை இருந்தது. எந்தெந்தக் கடைகளில் குறிப்பேடு இருக்கிறது என்பதை இசைத்தட்டு நிறுவனங்களின் விற்பனை ஆட்கள் அறிந்துகொண்டனர். அக்கடைகளுக்கு மட்டும் இலவசத் தட்டுகளும் பரிசுகளும் சென்றன. விற்காத தட்டும் விற்றதாக ஏட்டில் ஏறியது. 1980ஆம் ஆண்டில் கிரானடா தொலைக்காட்சியின் 'வேர்ல்ட் இன் ஆக்ஷன்' என்னும் நிகழ்ச்சி இம்மோசடியை வெளிப்படுத்தியபோது நாடெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. 1983ஆம் ஆண்டு சனவரியில் பட்டியல் செய்யும் பொறுப்பு 'கேலப்' நிறுவனத்துக்கு மாறியது. அந்நிறுவனம் குறிப்பேட்டை நீக்கிக் கடைகளில் சிறு மின்னணுக் கருவிகளை வைத்தது. ஊழியர் தட்டின் எண்ணைக் கருவியில் பதிவார். இரவில் அக்கணக்கு தொலைபேசிக் கம்பி வழியே நிறுவனத்தின் கணிப்பொறிக்குச் சென்று சேரும். சூது முற்றும் ஒழிந்தது என்று கூறுவதற்கில்லை. ஆனால், சூது செய்வது கடினமாயிற்று.

அமெரிக்காவின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். அங்கே 'பில்போர்டு' என்னும் இதழ், 100 பாட்டுகள் கொண்ட தன் பட்டியலை 1958ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகிறது. எண்பதுகளில் கடைக்காரர்கள் எத்தனை தட்டு விற்றது என்ற கணக்கைத் தரவில்லை. எது நன்றாக விற்கிறது, எது அதற்கடுத்தது என்று வரிசையாகச் சொன்னார்கள். வானொலி நிலையங்கள் தாம் ஒலிபரப்பும் பாட்டுகளைத் தெரிவித்தன. இவற்றைக் கலந்து பட்டியல் ஆக்கினர். 1991ஆம் ஆண்டில், உறையின் மேலுள்ள பட்டைக் குறியீட்டை இயந்திரம் படித்து, விற்ற ஒவ்வொன்றையும் எண்ணும் முறை வந்தது. வந்தவுடனே ஒரு வியப்பு நிகழ்ந்தது. நாட்டுப்புற வெள்ளையரின் 'கன்ட்ரி' இசையும், நகர்ப்புறக் கறுப்பின இளைஞரின் 'ராப்' இசையும் இசைத்தொகுப்புப் பட்டியலின் உச்சிக்கு ஏறின. அவ்விசைகளைக் கேட்போர் ஒரே வாரத்தில் பெருகிவிடவில்லை. முன்னரும் அவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தனர். சொன்னவர்களின் வாயில் அவர்கள் பெயர் வரவில்லை. கேட்டறிந்த கணக்குக்கும் எண்ணியறிந்த கணக்குக்கும் உள்ள வேறுபாடு இது. சமூகவியலும் புள்ளியியலும் பயிலும் கல்லூரி மாணவர்கள் இந்நிகழ்ச்சியை நினைவில் இருத்துவது நல்லது.

மூன்றாவது செய்தி: வாரப் பட்டியல் வாரத்தை அளக்கும், ஆண்டை அளக்காது. 1983ஆம் ஆண்டில் 'நியூ ஆர்டர்' என்ற மான்செஸ்டர் நகரத்துக் குழுவினர் 'புளூ மண்டே' என்னும் பாட்டை 12 அங்குலத் தட்டாக வெளியிட்டனர். அவ்வாண்டு அது எட்டிய மிக உயர்ந்த இடம் ஒன்பது. ஆனால், அது திங்கள் கணக்காக ஓயாமல் விற்றது. 12 அங்குலத் தட்டுகளுள் அதனினும் மிகுதியாக விற்றது வேறொன்றில்லை என்னும் பெயர் பெற்றது. ஒரு வாரம் ஓடிக் களைத்ததற்கு முதலிடமும், நெடுங்காலம் நடந்துகொண்டே இருந்ததற்கு ஒன்பதாமிடமும் கிடைப்பது அவ்வளவையின் இயல்பு.

நிற்க. இவ்வளவு குறை கூறியதனால் அப்பட்டியல்கள் பயனற்றவை என்று கொள்ளலாகாது. வரலாறு படிப்போர்க்கு அவை அரிய சான்றுகள். 1980ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜான் லெனன் நியூயார்க்கு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது பட்டியலில் இறங்கிக்கொண்டிருந்த அவருடைய புதிய பாட்டு முதலிடத்துக்கு ஏறியது. 1971ஆம் ஆண்டில் அவர் பாடிய 'இமேஜின்' 1981 சனவரியில் முதலிடம் பெற்றது. ஒரு மக்கட் கூட்டம் துயருற்று அழுததை அந்த எண்களில் காணலாம். இவ்விரண்டுக்கும் இடையே, பாட்டியைப் பற்றி ஒரு பள்ளிச் சிறுவர் குழு பாடிய பாட்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடம் பெற்றிருந்தது. துயரத்திலும் பண்டிகையைக் கைவிடாத வீடுகளையும் அதே பட்டியல் காட்டுகிறது.

மற்றொன்று காண்க. 1981ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியிலும், சூலையில் லிவர்ப்பூல் முதலிய நகரங்களிலும் கலகங்கள் மூண்டன. வேலையின்மை பெருகி, அடுத்த ஆண்டு சனவரியில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. அந்தச் சூலையில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது, கவன்ட்ரி நகரத்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த 'ஸ்பெஷல்ஸ்' என்ற குழுவின் 'கோஸ்ட் டவுன்'. களையிழந்து பாழ்பட்ட ஊரைப் பற்றிய பாட்டு அது. அதே ஆண்டில், 'யூ.பி. 40' என்ற பர்மிங்காம் குழுவினர், பத்தில் ஒருவருக்கு வேலையில்லை என்ற கணக்கையே தலைப்பாக்கிப் பாடிய பாட்டு ஏழாமிடம் பெற்றது. அக்குழுவின் பெயரே, வேலையற்றோர் உதவித்தொகைக்கு நிரப்பும் படிவத்தின் பெயர். அமைச்சரவைக் குறிப்புகளைப் படித்து அறியும் வரலாற்றை, இத்தகைய பட்டியலோடு வைத்துப் படித்தால், தெருவில் நடந்த மனிதனின் குரலும் நமக்குக் கேட்கும்.

நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் அப்பட்டியலில் உண்டு. 1982ஆம் ஆண்டில் 'மன்சூன்' என்ற குழுவின் பாட்டு ஒன்று, சிதாரும் தபலாவும் ஒலிக்கப் பன்னிரண்டாம் இடம் வரை ஏறியது. பாடியவர் ஷீலா சந்திரா. இலண்டனில் குடியேறிய தென்னிந்தியக் குடும்பத்தின் மகளான அவருக்கு அப்போது வயது 17. அக்குழு விரைவில் கலைந்தது. பட்டியலும் அவரை மறந்தது. ஆனால் அவர் நிற்கவில்லை. 1992ஆம் ஆண்டு வெளியிட்ட இசைத்தொகுப்பில், நம் மிருதங்கக் கலைஞர் வாயால் சொல்லும் கொன்னக்கோற் சொற்கட்டுகளைத் தம் குரலால் பாடி, மேலைநாட்டு இசைவாணரை வியக்கச் செய்தார். அவருடைய சிறந்த பணி நடந்த ஆண்டுகளை விற்பனைப் பட்டியலில் தேடினால் காணக் கிடைக்காது.

மாணவ நண்பர்களே, 2014ஆம் ஆண்டு முதல் பிரிட்டனின் பட்டியலில், விற்ற தட்டுகளோடு இணையத்தின் வழியே கேட்கப்படும் பாட்டுகளும் சேர்த்து எண்ணப்படுகின்றன. உங்கள் கைபேசியிலும் பாட்டுக்கு, படத்துக்கு, உணவு விடுதிக்கு, கல்லூரிக்கு என்று நாள்தோறும் ஒரு வரிசை வந்து நிற்கிறது. எந்த வரிசையைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். எதை எண்ணினார்கள்? யார், எவ்வாறு எண்ணினார்கள்? எவ்வளவு காலத்துக்கு எண்ணினார்கள்? இவற்றுக்கு விடை கிடைத்தால் அந்த வரிசை உங்களுக்குப் பயன்படும். விடை கிடைக்காவிட்டால், அதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

வகுப்பில் நீங்கள் பெறும் இடமும் அத்தகையதே. ஒரு மதிப்பெண் குறைந்து இரண்டாமிடம் பெற்ற மாணவன், தேர்வில் தோற்றவனைப் போல முகம் வாடி நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவனுக்கு முன்னே நின்றவன் யார் என்பதை மட்டுமே அந்தத் தாள் சொல்லிற்று. அவன் எவ்வளவு கற்றான் என்பதை அது சொல்லவில்லை. அந்தத் தேர்வு அளந்தது சில பாடங்களை, ஒரு பருவத்துக்கு. முதலிடம் பெற்றால் மகிழுங்கள். பெறாவிட்டால், எங்கே பிழை நேர்ந்தது என்று விடைத்தாளைப் பாருங்கள். பார்த்துத் திருத்திக்கொண்ட பின் அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, அடுத்த பாடத்தைத் திறவுங்கள்.