எலும்பு கூடியது, பாதம் எழவில்லை

நான் இயன்முறை சிகிச்சை செய்கிறவன். கால்பந்தைப் பற்றிப் பேசச் சொன்னால் கோலை விட்டுவிட்டு முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடுவேன் என்று வானொலி நிலையத்தாருக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு ஸ்டீவ் சக்குவானி என்ற கால்பந்து ஆட்டக்காரர். 1988-இல் கின்ஷாசாவில் பிறந்து, சின்ன வயதிலேயே லண்டன் வந்தவர். ஆர்சனல் இளையோர் அணியில் பயின்றும் அங்கே நிலைக்கவில்லை. அமெரிக்காவின் அக்ரன் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. 2008-இல் கல்லூரி அணிக்காக 20 கோல். அங்கே கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசைப்படி எடுக்கும். நம் ஐ.பி.எல். ஏலம் மாதிரி காசை ஏற்றிக்கொண்டே போகிற வேலை இல்லை. முறை வந்த அணி பெயரைச் சொன்னால் முடிந்தது. 2009-இல் அமெரிக்கத் தொழில்முறை லீகுக்குப் புதிதாக வந்த சியாட்டில் சவுண்டர்ஸுக்கு முதல் முறை. அவர்கள் சொன்ன பெயர் சக்குவானி. இடது ஓரத்தில் அப்படி ஒரு வேகம். 2010-இல் லீகில் 10 கோல்.

2011 ஏப்ரல் 22. கொலராடோ அணியின் மைதானம். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம். அந்த அணியின் பிரையன் முல்லன் பாய்ந்து போட்ட டேக்கிளில் சக்குவானியின் வலது கீழ்க்காலில் இரண்டு எலும்புகளும் முறிந்தன. முல்லனுக்குச் சிவப்பு அட்டை, 10 ஆட்டத் தடை.

"கம்பி வச்சா கூடிடுமே சார்" என்பார்கள் எங்களிடம் வரும் பையன்கள். கூடிவிடும்தான். ஆனால் நம் கீழ்க்காலில் தசைகள் நான்கு அறைகளாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி உறுதியான உறை. அந்த உறை விரிந்து கொடுக்காது. அடிபட்டு உள்ளே ரத்தமும் வீக்கமும் சேர்ந்தால் அழுத்தம் ஏறி, தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் போகாமல் நின்றுவிடும். தோலையும் உறையையும் கீறித் திறந்துவிட்டால்தான் கால் தப்பும். சக்குவானிக்கு அதைத்தான் செய்தார்கள். கால் தப்பியது, நரம்பு அடிபட்டுவிட்டது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை.

பாதம் தூக்க முடியாதவர்கள் முதலில் சொல்வது என்ன தெரியுமா? "நடக்கும்போது செருப்பு கழண்டு போயிடுது." வலி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அடிபட்ட நரம்பு திரும்ப வளர்ந்தாலும் நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். முழங்காலிலிருந்து பாதம் எவ்வளவு தூரம், நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான், இதே மாதிரி கால். பெருவிரலைத் தூக்கு என்றால் நெற்றி சுருங்கும், தோள் எழும்பும், பல்லைக் கடிப்பான். விரல் மட்டும் அசையாது. மாதக்கணக்கில் இப்படி. ஒரு நாள் அசைந்தது. எனக்கு முன்னால் அவன் அம்மா பார்த்துவிட்டார். "இன்னொரு தடவ பண்ணுடா கண்ணு" என்று ஓடி வந்தார். அவன் பண்ணினான், அசையவில்லை. மறுநாள் மறுபடி அசைந்தது. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

சக்குவானிக்கு 15 மாதம் ஆயிற்று. 2012 ஜூலை 7, எதிரணி அதே கொலராடோ. கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஆட்டம் முடிந்ததும் முல்லனைக் கட்டிக்கொண்டார். உலகம் அந்தப் படத்தைத்தான் பார்த்தது. நான் பார்ப்பது அதற்கடுத்த வருடங்களை. பாதம் சரியாக எழாதவனுக்கு இடுப்பும் தொடையும் சேர்ந்து உழைத்தாக வேண்டும். ஒரு இடம் தேறினால் இன்னொரு இடம் வலிக்கும். 2013-இல் அடிவயிற்றுத் தசைக்கு அறுவைச் சிகிச்சை. 2014-இல் போர்ட்லாந்து அணி, அங்கே அக்ரனில் இருந்த அதே பயிற்சியாளர் கேலப் போர்ட்டர். அந்தப் பருவத்தோடு ஆட்டம் முடிந்தது. வயது 26.

நேரம் ஆகிவிட்டது. பி.டி. மாஸ்டர்களே, பெற்றோர்களே, ஒன்றே ஒன்று: காலில் அடிபட்ட பிள்ளை, மாத்திரை போட்டும் வலி ஏறுகிறது என்றால், விரலை லேசாக இழுத்தாலே கத்தினால், எண்ணெய் தேய்த்து, கட்டுப் போட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால், நான் சொன்ன அந்தத் தசை உறையைத் திறக்கச் சில மணி நேரம்தான் இருக்கிறது. அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள் என்று நம்புகிறேன்.