ஊசிக்கு முன் ஒரு கேள்வி
(மே 12, செவிலியர் தினத்தையொட்டி நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் படித்தவன் அல்ல. 2002-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த கேஒய்சி விதி மட்டும் நன்றாகத் தெரியும்: வாடிக்கையாளர் யார் என்று முதலில் தெரிந்துகொள். நோயாளி விஷயத்தில் இதைப் பல ஆண்டுகள் முன்பே சொன்னவர் மேடலின் லெனிங்கர் என்ற அமெரிக்கச் செவிலியர். மனநலச் சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் வளர்ந்த பின்னணிக்கு ஏற்ப வேறுவேறாக நடந்துகொள்வதை 1950-களில் கவனித்த அவர், பிறகு மானிடவியலும் படித்தார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நோயாளியின் வழக்கத்தில் நல்லதைக் காப்பாற்றுங்கள், இடைஞ்சலானதைப் பேசி அனுசரியுங்கள், கேடு செய்வதை மனம் நோகாமல் மாற்றுங்கள்.

நமக்கு இது புதிதல்ல. ஆபரேஷனுக்கு முன் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் கலங்குவார்கள். அனுபவமுள்ள நர்ஸ் அம்மா, "மஞ்சக் கயிறு கட்டிக்கோங்கம்மா, தங்கத்தை மாமியார்கிட்ட குடுத்துடுங்க" என்பார். கலக்கம் தீர்ந்துவிடும். வங்காளப் பெண்ணுக்குக் கையிலுள்ள சங்கு வளையலும் அப்படித்தான். அது தெரியாத இடத்தில் அதட்டல்தான் கேட்கும்.

இன்று ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் ஏராளம். தலை சுற்றினால் இந்தி பேசும் பையன் "சக்கர்" என்பான். நம் காதில் அது சர்க்கரை என்று விழும். பீகார்காரர்கள் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சத் பூஜை செய்வார்கள். விரதம் இருப்பவர்கள் சுமார் 36 மணி நேரம் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் இப்படி இருந்தால் ஆபத்து. ரம்ஜான் நோன்புக்கும் இது பொருந்தும். "விரதம் இருப்பீர்களா?" என்று முன்கூட்டியே கேட்டால் டாக்டரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மொழிபெயர்ப்பவர் யார் என்பது. கை நசுங்கிய தொழிலாளியோடு கான்ட்ராக்டரின் ஆள் வந்து, "ரூமில் வழுக்கி விழுந்தான்" என்றால் கேஸ் ஷீட்டில் அதுதான் ஏறும். பிறகு இஎஸ்ஐ-யில் வேலையிட விபத்து என்று உதவி கேட்கும்போது அந்த ஒரு வரியே குறுக்கே நிற்கும். வங்கியில் இருந்தவனுக்கு ஒரு தவறான பதிவின் விலை தெரியும். ஆகவே சகோதரிகளே, காயம்பட்டவரிடமே நேராகக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் சம்பந்தமில்லாத வேறொருவரைப் போனிலாவது பிடியுங்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. இங்கே வாடகைக்கு இருக்கும் வடமாநிலக் குடும்பங்களின் உதவியோடு வலி, மயக்கம், விரதம், கர்ப்பம், "எங்கே அடிபட்டது?" போன்ற பத்துப் பதினைந்து சொற்களை இந்தி, ஒடியா, வங்காளத்தில், தமிழ் எழுத்திலேயே அச்சிட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்போம். இரவில் போனில் மொழிபெயர்க்க முன்வருபவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். அச்சுச் செலவு என்னுடையது.