ஏறும் காலுக்கு ஏற்ற கயிறு



திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நமக்குத் தென்னை ஏறுவோரின் காட்சி புதியதன்று. ஏறுபவர் இரு பாதங்களையும் ஒரு கயிற்று வளையத்துள் நுழைத்துக்கொள்கிறார். மரத்தைக் கைகளால் அணைத்து, முழங்கால்களை மடக்கி, பின்பு பாதங்களை ஊன்றி எழுகிறார். அவ்வளையத்தை நாம் தளைநார் என்கிறோம். மலையாளத்தார் தளப்பு என்பர். பாதங்கள் விலகிப் போகாமல் மரத்தோடு சேர்த்துப் பிடிப்பது அதுவே. அது நீண்டு கொடுத்தால் பிடி தளரும். பிடி தளர்ந்தால் ஒரு குடும்பமே நிலைகுலையும். ஆகையால், காலுக்குரிய கயிறு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதை இன்று ஆராய்வோம்.

கயிறு அறாமல் இருப்பது ஒன்று. நீளாமல் இருப்பது வேறொன்று. இவ்வேறுபாடு, தொங்கும் கயிற்றைப் பற்றி ஏறுவோரிடம் தெளிவாக விளங்கும். மலையேறுவோரும், குகைகளில் இறங்குவோரும், மீட்புப் பணியாளரும் இம்முறையைக் கையாளுகின்றனர். பாரம் விழும்போது இறுகி, பாரம் நீங்கும்போது நகரும் முடிச்சு ஒன்றை ஆஸ்திரிய நாட்டுக் கார்ல் புரூசிக் என்பார் 1931-ஆம் ஆண்டில் விளக்கினார். அத்தகைய முடிச்சிலிருந்து தொங்கும் கால்கண்ணியில் மிதித்து எழுந்து, இடுப்புப் பிடியை உயர்த்தி, அதில் அமர்ந்து மீண்டும் கண்ணியை உயர்த்துவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணியின் நீளம் 120 சென்டிமீட்டர் என்க. உடற்பாரத்தால் அது நூற்றுக்கு ஐந்து பங்கு நீளுமாயின், ஒவ்வொரு மிதிக்கும் கால் 6 சென்டிமீட்டர் தாழ்கிறது. 30 சென்டிமீட்டர் உயர வேண்டியவர் 24 சென்டிமீட்டரே உயர்கிறார். 15 மீட்டர் ஏற 50 மிதி போதும் என்ற நிலை மாறி, ஏறத்தாழ 63 மிதி வேண்டியதாகிறது. களைத்த காலே தவறு செய்யும் கால் அன்றோ!

இனிக் கயிற்று வகைகளைக் காண்போம். நைலான் வலிமை மிக்கது. ஆயினும் நன்கு நீளும், நீரையும் உறிஞ்சும். பாலியெஸ்டர் அதனினும் குறைவாக நீளும்; நீரை மிகச் சிறிதளவே ஏற்கும். ஆகவே கால்கண்ணிக்கு அது தக்கது. டைனீமா இன்னும் குறைவாகவே நீளும். ஆனால் வழவழப்பானது, முடிச்சு நழுவக்கூடும், உராய்வின் வெப்பத்தையும் தாங்காது. மலிவான பாலிபுரொபிலீன் கயிறு நெடுநாள் வெயிலில் நலிந்துவிடும். தேங்காய் நார்க்கயிறோ சணலைவிட மிகுதியாக நீளும். எனினும் ஈரத்தைத் தாங்கும், அதன் சொரசொரப்பு மரத்தைப் பற்றும். ஆகையால் அதனைப் பல புரியாகத் திரித்து, பாரம் கொடுத்து இழுத்து, முறுக்கு அமர்ந்த பின்னரே பயன்படுத்துதல் நன்று. எக்கயிறாயினும், பருமனின் வெட்டுப்பரப்பு இரட்டித்தால் நீட்சி பாதியாகும் என்பதை நினைவிற் கொள்க.

2011-ஆம் ஆண்டில் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தெங்கின் சங்ஙாதிக்கூட்டம்’ என்னும் பெயரால், கருவி கொண்டு தென்னை ஏறும் பயிற்சியைத் தொடங்கியது. மிதிகட்டைகளோடு கூடிய அத்தகைய கருவியில் மரத்தைச் சுற்றிப் பிடிப்பது எஃகுக் கம்பிக் கயிறாகும். காலுக்குரியது நீளலாகாது என்னும் பழைய தேவையே அங்கும் நிறைவேறுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. விழுபவரைத் தாங்கும் உயிர்க்கயிறு சிறிது நீளத்தான் வேண்டும். நீளாத கயிறு வீழ்ச்சியைத் திடீரென நிறுத்தி உடலை முறித்துவிடும். காலுக்கு நன்மை செய்யும் குணம் இடுப்புக்குத் தீமை செய்யும். ஆகவே கால்கண்ணியை ஒருபோதும் உயிர்க்கயிறாகக் கொள்ளற்க.

சாலைக் கடைத்தெருவிலோ வேறெங்கோ கயிறு வாங்கினால், அதில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு குறி இடுங்கள். உறுதியான உத்தரத்தில் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதித்து நில்லுங்கள். அருகிருப்பவர் குறிகளுக்கு இடையே அளக்கட்டும். எத்தனை சென்டிமீட்டர் கூடுகிறதோ, அதுவே நூற்றுக்கு அத்தனை பங்கு நீட்சி. மரத்தின் உச்சியில் அறியவேண்டியதைத் தரையிலேயே அறிந்துகொள்வது அறிவுடைமை.