சபைப் பணியும் கைச்சுத்தமும்

(உள்ளூராட்சி பற்றிய பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிவுற்றது. அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, மக்கள் தெரிந்த உறுப்பினர் எவருமின்றி உத்தியோகத்தரே அவற்றை நடத்தினர். 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் மூலமே அவை மீண்டும் மக்கள் கைக்கு வந்தன. வந்த சபைகளைத் தூய்மையாகக் காப்பது எங்ஙனம்? இதுவே இன்று என் பேச்சின் பொருள்.

மாநகரசபையாயினும் பிரதேச சபையாயினும் சாதாரண குடிமகனுக்கு அதுவே முதல் அரசாங்கம். குழந்தை நடை பழகும் ஒழுங்கையும் சபையினது. இறந்தோரைக் கொண்டு செல்லும் சுடலையும் சபையினது. இடையில் வாய்க்கால், மதகு, தெருவிளக்கு, சந்தை, சோலை வரி, கட்டட அனுமதி அனைத்தும் அங்கேதான். ஆகவே அங்கு நேரும் சிறு பிழையும் ஏழையின் அடுப்படி வரை சென்று சுடும்.

உத்தியோகத்தர்க்கு ஒழுக்க விதி எழுதுவது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணற்க. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஊர் வாரியங்களில் அமர்ந்து கணக்குக் காட்டாது விட்டவன் மீண்டும் அமரலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் அமரலாகாது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் அமரலாகாது என அவை விதிக்கின்றன. அச்சபை நிலமுடைய அந்தணர் சபை. பெண்ணுக்கும் உழைப்பாளிக்கும் அங்கு இடமில்லை. அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கணக்குக் காட்டாதவனுக்குப் பதவியில்லை என்ற அந்த ஒரு விதி, ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தும் பழையதாகிவிடவில்லை.

நிற்க. இன்று நம் நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம், 1975ஆம் ஆண்டின் சொத்து வெளிப்படுத்தற் சட்டம், 1994ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாக, 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்துள்ளது. உறுப்பினரும் பதவிநிலை உத்தியோகத்தரும் தம் சொத்தையும் கடனையும் வெளிப்படுத்த வேண்டும். இலஞ்சம் வாங்குவோன் மட்டுமன்றிக் கொடுப்போனும் குற்றவாளியே. சொந்த நலனும் பொதுக் கடமையும் மோதுமிடத்தில் சொந்த நலனுக்காகப் பதவியைப் பயன்படுத்துவதும் குற்றமாகும்.

இக்கடைசிக் குற்றத்தையே நம்மவர் குற்றமென்று உணர்வதில்லை. பணம் கைமாறினால் மட்டுமே இலஞ்சம் என்று எண்ணுகின்றனர். ஓர் உறுப்பினரின் மைத்துனர் தெரு வேலைக்குக் கேள்விப்பத்திரம் கொடுத்திருக்கிறார் என வைத்துக்கொள்வோம். உறுப்பினர் ஒரு சதமும் வாங்கவில்லை. ஆனால் அவ்விடயம் ஆராயப்படும்போது அமர்ந்திருந்து கையுயர்த்துகிறார். இது நேர்மையா? ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் மாலையில் வீட்டிலிருந்து கூலிக்குக் கட்டடப்படம் வரைகிறார். காலையில் கந்தோரில் அதே படத்தைத் தாமே சிபாரிசு செய்கிறார். வெளியே வரைந்த படங்கள் மேசையிலே தூங்குகின்றன. இது முறையா? உறவையோ தொழிலையோ நாம் பழிக்கவில்லை. உறவினர் விடயம் வந்தால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே செல்க. தாம் வரைந்ததைத் தாமே பரிசோதியாதிருக்க என்கிறோம். அவ்வளவே!

இனி, அன்பளிப்பு என்னும் வழுக்கு நிலத்துக்கு வருவோம். நம் ஊரில் வீட்டுக்கு வருபவரை வெறுங்கையுடன் அனுப்பும் வழக்கமில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நாலு கொடுப்பது இலஞ்சமா என்று கேட்பீர்கள். அதற்கொரு எளிய சோதனை உண்டு. அவர் அக்கதிரையில் இல்லாதிருந்தாலும் அந்த மாம்பழம் அவர் வீட்டுக்குப் போயிருக்குமா? போயிருக்குமாயின் அது அன்பு. இல்லையேல் அதற்கு வேறு பெயர்.

1959ஆம் ஆண்டில் ஒழுக்கக் கோவையொன்றை வகுத்த நியூயோர்க் நகரம், தன்னுடன் வியாபாரம் செய்வோரிடமிருந்து 50 டொலரோ அதற்கு மேலோ பெறுமதியான பரிசை ஊழியர் ஏற்றலாகாது என இன்று விதித்திருக்கிறது. இத்தகைய விதி ஊழியனுக்கு விலங்கன்று, கவசமாகும். “எனக்கு விருப்பமில்லை” என்றால் கொடுப்பவர் மனம் புண்படும்; “விதி இடந்தராது” என்றால் புண்படாது. மேலதிகாரியின் நெருக்குதலுக்கு அஞ்சும் சிற்றூழியனுக்கும் அதுவே துணை.

கமக்கார அன்பர்களே! இது படித்தோர் விவகாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். சந்தையில் விளைபொருளின் எடையிற் கழிவு பிடிப்பது பற்றி வடபகுதிக் கமக்காரர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். 100 கிலோவுக்கு 10 கிலோ கழிவென்றால், பத்து மூடையில் ஒரு மூடை கூலியின்றிப் போகிறது. சந்தையைக் குத்தகைக்குக் கொடுப்பது யார்? நிபந்தனை எழுதுவது யார்? அது மீறப்படும்போது கண்டிக்க வேண்டியது யார்? சபையே. கண்டிக்க வேண்டியவர் குத்தகைகாரருக்குக் கடமைப்பட்டவராயிருந்தால், உங்கள் வியர்வைக்கு நியாயம் எங்கே கிடைக்கும்?

ஆதலால் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். ஒன்று, கேள்விப்பத்திரங்களின் முடிவையும் குத்தகைத் தொகையையும் ஒவ்வொரு சபையும் அறிவித்தற் பலகையில் ஒட்டுக. இரண்டு, உறவும் தொழிலும் குறுக்கிடுமிடத்தில் உறுப்பினரும் உத்தியோகத்தரும் அதை வெளிப்படச் சொல்லி விலகுக. கூட்டறிக்கையில் அது பதியப்படுக. மூன்று, மக்கள் கேள்வி கேட்கப் பழகுக. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் சபையிடம் எழுத்தில் விபரம் கேட்கலாம்; தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுள் அறிவித்தல் வேண்டும். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே! எழுதத் தெரியாத கமக்காரனுக்கு அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள். நீங்கள் ஊருக்குச் செய்யக்கூடிய பெருந்தொண்டு அதுவே.

இறுதியாக ஒன்று. நம் காரியம் விரைவாக முடியவேண்டும் என்பதற்காக நாமே நோட்டை மடித்து நீட்டிவிட்டு, வெளியே வந்து சபை கெட்டுவிட்டது என்று தூற்றுகிறோம். நீட்டிய கையும் ஏந்திய கையும் சேர்ந்தே சபையைக் கெடுத்தன. நாளை காலை கந்தோருக்குப் போகும்போது, முறையான கட்டணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சபையின் தூய்மை அந்தச் சிறு துண்டுக் கடதாசியிலிருந்தே தொடங்கட்டும்.