கும்கி கடக்கும் இடம்

சப்-ஊஃபர் என்றால் என்ன, அதற்கும் சின்ன ஸ்பீக்கருக்கும் நடுவே கிராஸ்ஓவர் எதற்கு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விளக்கப் போவதில்லை. எனக்கு இருப்பது ஒரு மனக்குறை. ஒலிக்கருவி மாட்டிக் கொடுக்கிற வேலையில் முப்பது வருஷம் ஆகிவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, ‘ஊஃபர் எத்தனை இஞ்ச்?’ அடுத்த கேள்வி, ‘ஜன்னல் அதிருமா?’ ‘எத்தனை ஹெர்ட்ஸில் கட் பண்ணியிருக்கீங்க?’ என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மயிலாப்பூரில் ஒரு பெரியவர். ஓய்வு பெற்றவர், கச்சேரிப் பைத்தியம். கடையில் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி, கடைக்காரரே வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “என்னப்பா இது, மேல் ஸ்தாயியில பாகவதர் டி.வி. பக்கத்துல இருக்கார். மந்தரத்துக்கு எறங்கினா ஃபிரிட்ஜ் பக்கம் போயிடறார்!”

சிரித்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து கேட்டேன். அந்த மாமா சொன்னதில் ஓர் எழுத்தும் பிசகில்லை. மூன்று இஞ்ச் ஸ்பீக்கர்கள், 150 ஹெர்ட்ஸில் கட், ஊஃபர் பெட்டி ஃபிரிட்ஜுக்கு அடுத்து. பாடுகிறவர் ஒன்றரைக் கட்டை ஸ்ருதி. ஆதார ஷட்ஜம் 139 ஹெர்ட்ஸ் பக்கம். மந்தர பஞ்சமம் 104. கட் 150-இல் இருந்தால் அந்தப் பஞ்சமத்தின் அடிநாதத்தில் ஐந்தில் நாலு பங்கு ஊஃபருக்குப் போகிறது. சொல்லும் எழுத்தும் டி.வி.யிலிருந்து வருகின்றன, நெஞ்சுக்குரல் ஃபிரிட்ஜிலிருந்து வருகிறது. கட் புள்ளியை 80-க்கு இறக்கினால் அதே பஞ்சமத்தில் கால் பங்குதான் ஊஃபர் பக்கம். பாகவதர் இருந்த இடத்திலேயே இருப்பார்.

80 என்ற எண்ணை யாரும் சும்மா பிடிக்கவில்லை. டாம்லின்சன் ஹோல்மன் 1980-களில் சினிமா கொட்டகைகளுக்காக டி.ஹெச்.எக்ஸ். முறையை வகுத்தவர், வீட்டுக்கான அந்த முறையில் 80-தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவதில்லை. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4.3 மீட்டர், பதினாலு அடி. நம் இரண்டு காதுக்கும் நடுவே அரை அடிதான் இருக்கிறது. ஆகவே 80-க்குக் கீழே ஊஃபர் ஒளிந்துகொள்ளலாம். அதற்கு மேலே போகப் போகக் காட்டிக் கொடுத்துவிடும். திரும்பவும் சொல்கிறேன்: கீழே ஒளியலாம், மேலே முடியாது.

மூன்று இஞ்ச் ஸ்பீக்கருக்கு 80 வராதே என்பீர்கள். வராதுதான். அதற்கு ஐந்து இஞ்சாவது வேண்டும். மாமாவுக்கு அதைத்தான் மாற்றினேன். ஊஃபருக்குக் கொட்டுகிற காசில் பாதியைச் சின்ன ஸ்பீக்கருக்குப் போடுங்கள் என்றால் யார் கேட்கிறார்கள்?

சரி, 80 என்று வைத்தாயிற்று. சரியாக இணைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிலர் படத்தில் குண்டு வெடிக்கிற காட்சியைப் போட்டுப் பார்க்கிறார்கள். குண்டு எப்படி வெடித்தாலும் குண்டுதான். நான் போடுவது மிருதங்கம். அதிலும் தொப்பி, அதாவது இடக்கை வாசிக்கிற பக்கம். தொப்பியிலும் கும்கி.

மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் கும்கியைப் பற்றி என்னால் பேச முடியாது. நான் அவரை நேரில் கேட்டதில்லை. 1962-இல் அவர் காலமானபோது நான் பிறக்கவே இல்லை. கேட்டவர் என் அப்பா. அப்பா ஊரூராக மைக்செட் போட்டவர். குழாய் ஸ்பீக்கர் காலம் அது; குழாயில் தொப்பி என்ன வரும்? டொக், டொக், அவ்வளவுதான். பிள்ளைவாளுக்கு இடக்கைப் பழக்கம். மற்றவர்களுக்கு இடக்கை தொப்பியில் செய்வதை அவருக்கு வலக்கை செய்தது. மிருதங்கத்தின் மறுபக்கமான வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமே, அதனால் பாடகருக்கு மறுபக்கம் உட்கார்ந்தாக வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். சிலருக்கு அதுவே சங்கடம். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அதைப் பொருட்படுத்தாமல் கூடவே வைத்துக்கொண்டு முன்னுக்குக் கொண்டுவந்தார். எந்தக் கையானாலும் தொப்பி மேடையின் பின்பக்கம் பார்த்துத்தானே இருக்கும்? அப்பா மைக்கை நிறுத்திவிட்டு, ஆம்ப்பைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, மேடைக்குப் பின்னால் போய்ப் படுதா ஓரம் உட்கார்ந்துகொள்வாராம். தான் கட்டிய குழாயை விட்டுவிட்டுத் தொப்பிக்கு எதிரே! “அது அடிக்கிற சத்தம் இல்லடா, பேசற சத்தம்” என்பார். இன்று கிடைக்கிற பழைய பதிவுகளில் அந்த அடிநாதம் வடிகட்டின மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் கும்கி வருகிற இடத்தில் நான் வேலையை நிறுத்திவிடுவேன்.

கும்கியில் என்ன நடக்கிறது? தொப்பியில் தட்டிவிட்டு, உள்ளங்கையின் அடியை அழுத்தி வழுக்குகிறார்கள். ரவை அப்பிய அந்தத் தோலின் நாதம் ஆதார ஸ்ருதிக்கு ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே, 70 ஹெர்ட்ஸ் வாக்கில் பிறந்து, மேலே ஏறுகிறது. கவனியுங்கள். 70-இல் பிறக்கிறபோது ஊஃபரில் இருக்கிறது. ஏறி முடிக்கிறபோது சின்ன ஸ்பீக்கரில் இருக்கிறது. நடுவே 80 என்ற வாய்க்காலைத் தாண்டுகிறது. சரியாக இணைத்திருந்தால் ஒரே கை ஒரே தோலில் வழுக்குவது கேட்கும். பிசகியிருந்தால் நடுவே ஒரு பள்ளம்: ‘ங்கூ...’ என்று தொடங்கி, காணாமல் போய், வேறு இடத்தில் எட்டிப் பார்க்கும். நல்ல ஒலிப்பதிவில் ஒரு தனி ஆவர்த்தனம் போதும்.

அந்தப் பள்ளம் ஏன் விழுகிறது? தூரம். 80 ஹெர்ட்ஸில் ஓர் அலை சுற்றி வர 12.5 மில்லிசெகண்ட், பாதி அலை 6.25. அந்த நேரத்தில் ஒலி ஏழு அடி போகும். உங்கள் ஊஃபர் முன் ஸ்பீக்கர்களைவிட ஏழு அடி தள்ளி மூலையில் இருந்தால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டும் சேர்ந்து பூஜ்யம். உடனே என்ன செய்கிறோம்? பேஸ் போதவில்லை என்று ஊஃபர் வால்யூமைக் கூட்டுகிறோம். பள்ளம் அப்படியே இருக்க, மேடு மட்டும் உயர்கிறது. ரிசீவரில் ஒவ்வொரு பெட்டிக்கும் தூரம் போடுகிற இடம் இருக்கிறது; டேப் பிடித்து அளந்து போடுங்கள். அப்புறம் 80 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஊஃபரின் பின்னால் இருக்கிற ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். வழக்கமாக உட்காருகிற இடத்தில் எதில் சத்தம் அதிகமோ, அதில் விடுங்கள். வீட்டில் ஒருவர் சுவிட்சைத் திருப்ப, ஒருவர் சோபாவில் உட்கார வேண்டும். இந்த வேலையில் தம்பதிகள் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

எந்த எண்ணில் வெட்டுவது என்பது பாதி விஷயம். எவ்வளவு செங்குத்தாக வெட்டுவது என்பது மீதி. 1976-இல் லிங்க்விட்ஸ் என்பவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஹியூலெட்-பாக்கார்டில் வேலை பார்த்தவர். உடன் வேலை பார்த்த ரைலியின் பெயரும் சேர்ந்து, லிங்க்விட்ஸ்-ரைலி என்று அந்த வெட்டுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஸ்தாயிக்கு 24 டெசிபல் இறக்கம். சங்கமிக்கிற புள்ளியில் இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை, கூட்டினால் ஒன்று. ஒரு ஸ்தாயி மேலே, 160-க்குப் போனால் ஊஃபரில் மிஞ்சுவது பதினேழில் ஒரு பங்கு. இதைவிட அழகான கணக்கை என் தொழிலில் நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் உள்ளங்கை அகல ரேடியோவில் கேட்டுக்கொண்டிருப்பவர்களும் இருப்பீர்கள். அதில் 80 வராது, 100-உம் வராது. ஆனாலும் பேசுகிறவன் ஆண் என்று தெரிகிறதல்லவா? வராத அடிநாதத்தை மேல் நாதங்களை வைத்துக் காதே கட்டிக்கொள்கிறது. மட்டமான ஊஃபர் அந்த உபகாரத்தைக்கூடக் கெடுத்துவிடும்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரிசீவரில் 80 வைத்தவர்கள், ஊஃபரின் முதுகில் இருக்கிற கட் திருகைக் கடைசி வரைக்கும், அதிகபட்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டின இடத்திலேயே இரண்டாவது வெட்டு விழும். மாமா வீட்டிலும் முதல் நாள் அதை மறந்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஃபோன்: “பாகவதர் வந்துட்டார்ப்பா, மிருதங்கக்காரரைக் காணோம்!”