சுமையும் முதுகும்

சித்தூருக்கு அணித்தேயுள்ள காணிப்பாக்கத்தின் தலவரலாற்றைக் கேளாத தமிழர் அப்பகுதியில் அரியர். கண் தெரியாதவர், காது கேளாதவர், வாய் பேசாதவர் எனச் சகோதரர் மூவர் ஏற்றம் இறைத்துப் பயிர் செய்து வந்தனர். நீர் வற்றிய கிணற்றை ஆழப்படுத்துகையில் பிள்ளையார் வெளிப்பட்டார் என்பர். அந்த ஏற்றத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். நீரைக் கைவலியால் மட்டும் தூக்காது, நெம்புகோலின் துணைகொண்டு தூக்கினர் நம் முன்னோர். தலைச்சுமையைக் குனியாமல் இறக்கவும் ஏற்றவும் வழியோரங்களில் சுமைதாங்கிக் கல் நாட்டினர். உடலுக்கேற்ப வேலையை அமைப்பது நமக்குப் புதிதன்று.

இன்று அதே சித்தூர்ப் பகுதியில் மாம்பழக் கூழ் ஆலைகள் பல உள்ளன. மாம்பழப் பருவத்தில் அங்குப் பழக்கூடைகள் ஓயாது ஏறி இறங்கும். 20 கிலோ எடையுள்ள கூடை ஒன்றை இடுப்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பதாகக் கொள்வோம். முதுகுத் தசைகளோ முள்ளந்தண்டின் மூட்டிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தொலைவில் நின்றே இழுக்கின்றன. ஆகவே, அச்சுமையைத் தாங்கப் பத்து மடங்கு, அதாவது 200 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். கூடையை உடலோடு நெருக்கி 25 சென்டிமீட்டரில் பிடித்தால் அது பாதியாகும். குனிதலும், உடலைத் திருகுதலும், ஓய்வின்மையும் தீங்கை மிகுவிக்கும்.

தீங்கு விளைக்கத்தக்க சுமையை எவரையும் தூக்கச் செய்தலாகாது என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 34-ஆம் பிரிவில் விதித்தது. 1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வளர்ந்த ஆண் தொழிலாளி சுமக்கும் சுமைக்கு 55 கிலோவை எல்லையாகப் பரிந்துரைத்தது. அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று 1991-இல் வெளியிட்ட கணக்கோ, எல்லாம் சாதகமாக அமைந்த நிலையிலும் 23 கிலோவே தக்கது என்கிறது. சிமெண்டு மூட்டை 50 கிலோ என்பதை இங்கு நினைவு கூர்வோமாக!

‘சரியாகத் தூக்கத் தெரியவில்லை’ எனத் தொழிலாளியைக் குறை கூறுவது எளிது. ஆனால் தூக்கும் முறையைக் கற்பிப்பதால் மட்டும் முதுகுவலி நீங்குவதில்லை என்பதே ஆய்வுகள் காட்டும் உண்மை. சுமையைச் சிறிதாக்குதல், இடுப்பளவு உயரத்தில் மேடை அமைத்தல், தள்ளுவண்டி தருதல், ஆள் மாற்றி ஓய்வளித்தல் ஆகியனவே மெய்யான மருந்து. இவை ஆலையை நடத்துவோரின் கடமை.

மொழி வேறான ஊரில் பிழைப்போர் நாம். கூலி போய்விடுமோ என அஞ்சி வலியை மறைக்கின்றோம். வேண்டா. வலி காலுக்கு இறங்கினாலும், கால் மரத்தாலும் மருத்துவரை நாடுக. சிறுநீர் அடங்காமலோ கழியாமலோ போனால் அன்றே மருத்துவமனை செல்க. சுமை தூக்க நாளையும் ஆள் கிடைப்பர். நம் வீட்டைத் தாங்கும் முதுகு ஒன்றே.