கொடும்பாளூர்ப் பெண்



1025-ஆம் ஆண்டையொட்டிக் கடாரத்தின்மேல் கடற்படை செலுத்திய இராஜேந்திர சோழன், தான் வென்ற தேசங்களை வரிசைப்படுத்தும் மெய்க்கீர்த்தியில், மாநக்கவாரம் என்று நம்முடைய நிக்கோபாரையும் சேர்த்துச் சொல்லியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். அப்பேர்ப்பட்ட வீரனை ஈன்றெடுத்த அன்னையைச் சாசனங்கள் வானவன் மாதேவி என்ற பட்டப்பெயரால் குறிப்பிடுவதோடு நின்றுவிடுகின்றன.

அந்தப் பட்டப்பெயருக்குப் பின்னால் அச்சமும் ஆசையும் நிறைந்த ஓர் இளம்பெண்ணைக் கண்டவர், 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' என்ற சரித்திரத் தொடரை எழுதிய கல்கி அவர்கள். கதையில் அவள் பெயர் வானதி. ஈழப் போரில் தந்தையைப் பறிகொடுத்து, பெரிய தந்தையான பூதி விக்கிரமகேசரியின் ஆதரவில் வளர்ந்த கொடும்பாளூர்க் குலமகள். அந்த விக்கிரமகேசரி, தம் பெயரால் ஒன்றும், வரகுணை, கற்றளி என்னும் தேவியர் இருவர் பெயரால் இரண்டுமாக எழுப்பிய மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் இன்றும் கொடும்பாளூரில் நிற்கின்றன.

பழையாறை அரண்மனைக்கு வந்த வானதி, ஈழத்துக்குப் புறப்படும் இளவரசர் அருள்மொழிக்கு மங்கல தீபமேந்தி வழியனுப்ப மற்றப் பெண்களோடு நிற்கிறாள்; அவர் அருகில் வந்ததுமே மேனி நடுங்க, தட்டு கைநழுவித் தரையில் விழ, அவளும் மூர்ச்சித்துச் சாய்கிறாள். அரண்மனைப் பெண்களின் ஏளனத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அருள்மொழியின் சகோதரியான இளைய பிராட்டி குந்தவை, வருங்கால நாத்தனார் என்ற அதிகாரத்தைச் சற்றும் காட்டாமல், உடன்பிறந்த தமக்கையைப் போல அவளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தைரியமூட்டுகிறாள். சோழ சிங்காதனத்தில் ஒருபோதும் அமர்வதில்லை என்று பின்னால் சபதம் செய்யும் துணிவு, அடிக்கடி மயங்கி விழுந்த அதே பெண்ணுக்குத்தான் வருகிறது. யுத்த வர்ணனைகளை எல்லாம்விட இந்த மாற்றத்தைக் காட்டியதையே கல்கியின் பெருஞ்சாதனையாக நான் மதிக்கிறேன்.

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, நாட்கணக்கில் நீரையும் வானையுமே பார்த்து, முன்பின் அறியாத உறவினர் நடுவே போர்ட் பிளேரில் வந்திறங்கிய மணப்பெண்களுக்கு வானதியின் நடுக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. புது மருமகளை எதிர்பார்த்திருக்கும் வீடுகளில், அவள் வருவதற்கு முன்பாகவே, நாத்தனார்மார் குந்தவையும் வானதியும் வரும் அத்தியாயங்களை ஒருமுறை வாசித்துவிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.